புட்டிக் காற்றின் வரவு செலவு

ஜெயங்கொண்டம் நான்கு ரோட்டில் சிறிது நேரம் நின்று கவனிப்பவர் எவராயினும், அழுத்தி அடைக்கப்பட்ட காற்று இந்த ஊரின் அன்றாட வாழ்க்கையில் எத்தனை வேலைகளைச் செய்துவருகிறது என்பதை எளிதில் அறிந்துகொள்ளலாம். கும்பகோணத்திலிருந்து வந்து நின்ற பஸ் மறுபடியும் கிளம்புகையில் அதன் அடியிலிருந்து எழும் ‘புஸ்’ என்ற ஓசை, பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்த காற்று விடுபட்டு வெளியேறுவதனால் உண்டாவது. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளிலிருந்து மூட்டை கட்டாமல் பொடியாகவே சிமெண்டை ஏற்றிச் செல்லும் உருளை வடிவ லாரிகள், போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தப் பொடியைக் காற்றாலேயே தளர்த்திக் குழாய் வழியே உயரமான கொள்கலத்துக்கு ஏற்றிவிடுகின்றன. பஞ்சர் கடை வாசலில் அதிரும் கம்ப்ரஸரோ, லாரி டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குக் குறையாத அழுத்தத்தில் காற்றை ஏற்றி, வண்டியின் பாரம் முழுவதையும் அந்தக் காற்றின்மீதே சுமத்திவிடுகிறது.

இவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பொறியியற் கல்லூரி மாணவர்கள் பந்தயத்துக்கென்று கட்டும் ரோபோவின் உள்ளே இருக்கும் காற்று யந்திரம் அந்நியமான வஸ்து அன்று. ஆனால் பஞ்சர் கடையில் இல்லாத ஒரு கஷ்டம் ரோபோவில் உண்டு. கடைக்காரருக்கு மின்சாரம் உள்ளவரையில் காற்று வந்துகொண்டே இருக்கும். ரோபோவோ, களத்தில் இறங்குமுன் நிரப்பிக்கொண்ட சொற்பக் காற்றை வைத்துக்கொண்டே பந்தயம் முடியும்வரை காலட்சேபம் செய்தாக வேண்டும். அந்தக் கையிருப்பை எப்படிச் செலவிடுவது என்பதே இந்த வித்தையின் உயிர்நிலை என்பது என் கருத்து. பலமான சிலிண்டரையும் விலையுயர்ந்த வால்வையும் தேடி அலையும் மாணவர்கள் பலர், இந்தக் கணக்கைப் போட்டுப் பாராமலே களத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பந்தயத்தைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1988ஆம் ஆண்டில் தன் நாட்டு மாணவர்களுக்காகத் தொடங்கிய ரோபோப் போட்டியின் வழியிலே, ஆசிய–பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் டோக்கியோவில் முதன்முறையாக நடத்திய ‘ரோபோகான்’ என்ற சர்வதேசப் பந்தயம், அதுமுதல் வருஷந்தோறும் வெவ்வேறு தேசங்களில் நடந்துவருகிறது. நம் நாட்டில் தூர்தர்ஷன் இதனோடு நெடுங்காலம் சம்பந்தம் உடையது. விருந்தளிக்கும் தேசத்தின் விளையாட்டு அல்லது ஐதிகம் ஒன்றையே பந்தயத்தின் கருவாகக் கொள்ளுவது இதன் விசேஷம்: 2008ஆம் ஆண்டில் புனே நகரில் நடந்தபோது கண்ணன் வெண்ணெய் திருடிய கதையும், 2022ஆம் ஆண்டில் புது டில்லி ஏற்று நடத்தியபோது நம் ஊர்ப் பிள்ளைகள் ‘ஏழு கல்’ என்று ஆடும் லகோரி ஆட்டமும் பந்தயங்களாயின. ஒரு ரோபோ பந்தை எறிந்து அடுக்கைச் சரிக்க வேண்டும், சரிந்த வட்டுகளை மறுபடியும் அடுக்க வேண்டும், எதிர்க்கட்சி ரோபோ பந்தெறிந்து அதைத் தடுக்கப் பார்க்கும் என்று விதி வகுத்திருந்தார்கள். உடையார்பாளையத்திலோ ஆண்டிமடத்திலோ தெருப்புழுதியில் ஏழு கல் ஆடி வளர்ந்த மாணவனுக்கு அந்த விதிப் புத்தகத்தில் விளங்காத வரி ஒன்றுகூட இருந்திருக்க முடியாது.

எறிவது இந்தப் பந்தயத்தில் திரும்பத் திரும்ப வரும் காரியம். 2017இல் டோக்கியோவில் வட்டத் தட்டுகளை மேஜைகளின்மேல் இறங்கும்படி வீச வேண்டியிருந்தது. 2018இல் வியத்நாமில் வால் கட்டிய பந்தை வளையத்தின் ஊடே எறிய வேண்டியிருந்தது. 2019இல் மங்கோலியாவில் ஆட்டின் கணுக்காலெலும்பு வடிவில் செய்த காயையும், 2021இல் சீனா வகுத்த பந்தயத்தில் பானைக்குள் அம்பையும் எறியவேண்டி வந்தது. எறிவதற்கு மின்மோட்டாரை உபயோகிக்க முடியாது என்பதில்லை. ஆனால் மோட்டார் வேகம் கொள்ளுவதற்குச் சிறிது அவகாசம் வேண்டும், அதன் சுழற்சியை உந்துதலாக மாற்றுவதற்குப் பற்சக்கரமும் பெல்ட்டும் வேண்டும். காற்றுச் சிலிண்டரோ, வால்வு திறந்த மாத்திரத்தில் தன் முழுப் பலத்தையும் நேர்கோட்டில் காட்டிவிடும். இதனால்தான் எறியும் கைக்கும் பற்றும் விரலுக்கும் மாணவர்கள் காற்றையே நாடுகிறார்கள்.

அந்தப் பலத்தின் அளவு எவ்வளவு? ரோபோகான் விதிகள் காற்றின் அழுத்தம் 600 கிலோபாஸ்கலுக்கு, அதாவது 6 பாருக்கு, மேற்படலாகாது என்று வரம்பு கட்டுகின்றன. பஞ்சர் கடைப் பாஷையில் அது சுமார் 87 பவுண்டு, லாரி டயரில் உள்ளதைவிடக் குறைவு. இந்த அழுத்தம் 32 மில்லிமீட்டர் உள்விட்டமுடைய சிலிண்டரின் பிஸ்டன்மீது தாக்கும்போது, அப்பிஸ்டனின் பரப்பு சுமார் 8 சதுர சென்டிமீட்டர் ஆதலால், உண்டாகும் உந்துவிசை 480 நியூட்டனுக்குச் சற்று மேற்படும். ஏறக்குறைய 49 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கப் போதுமான விசை அது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள அலுமினியக் குழல் ஒன்று இவ்வளவு வேலையைச் செய்கிறது. திரும்பி வருகையில் மட்டும் பலம் குறையும். ஏனெனில் பிஸ்டனின் அந்தப் பக்கத்தில் தண்டு நட்டிருப்பதால், காற்று தாக்குவதற்குக் கிடைக்கும் பரப்பில் ஒரு பகுதியைத் தண்டு எடுத்துக்கொண்டுவிடுகிறது. தண்டு 12 மில்லிமீட்டர் தடிப்புடையதாயின் இழுவிசை 42 கிலோ எடைக்குத்தான் ஈடாகும்.

காற்றுக்கு ஒரு குறையும் உண்டு. அது அமுங்கும் தன்மையுடையது. ஆதலால் சிலிண்டரைப் பாதி வழியில் நிறுத்திப் பிடிப்பது வெகு கஷ்டம். முழுதும் நீண்டிருப்பது, முழுதும் சுருங்கியிருப்பது என்ற இரண்டு நிலைகளே அதற்கு இயல்பானவை. ஆனால் இதே அமுங்கும் தன்மை, வட்டையோ பந்தையோ பற்றும் விரலுக்குப் பெரிய அநுகூலமாக முடிகிறது. பொருள் சற்றுப் பெரிதாயினும் சிறிதாயினும், விரல் அதைத் தொட்ட இடத்தில் நின்று ஒரே சீராக அழுத்திக்கொண்டிருக்கும். அளவெடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வெப்பநிலை மாறாதிருக்கும்போது ஒரு வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கிவரும் தொகை மாறாது என்று ராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்ட நியதியைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் இல்லை. அதைப் பரீட்சைக்கு எழுதுகிற மாணவன், தன் ரோபோவின் முதுகில் கட்டியிருக்கும் 2 லிட்டர் புட்டிக்கு அதைப் பிரயோகித்துப் பார்ப்பது அபூர்வம். அழுத்தமானி 6 பார் என்று காட்டும்போது, வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து, உள்ளே இருப்பது 7 பார். ஆகவே புட்டியில் அடங்கியிருப்பது 14 லிட்டர் சாதாரணக் காற்று. கேட்பதற்குப் பெரிய ஆஸ்திதான். ஆனால் இதில் செலவழிக்கத் தக்கது எவ்வளவு என்பதே கேள்வி.

வீச்சுக்கு வீச்சு பந்து ஒரே இடத்தில் விழவேண்டுமானால், சிலிண்டருக்குள் செல்லும் அழுத்தம் வீச்சுக்கு வீச்சு ஒன்றாகவே இருக்க வேண்டும். புட்டியை நேரே சிலிண்டரோடு இணைத்துவிட்டால், முதல் பந்து 6 பாரிலும் இரண்டாவது அதற்குக் குறைந்தும் மூன்றாவது அதற்கும் குறைந்தும் பறந்து, ஒன்றன்பின் ஒன்றாக இலக்குக்கு முன்னே விழும். புட்டிக்கும் வால்வுக்கும் நடுவே ரெகுலேட்டர் என்னும் அழுத்த ஒழுங்கியை வைத்து, அதை 4 பாருக்குத் திருகிவிட்டால், புட்டி 6இலிருந்து 4க்கு இறங்கும்வரை வீச்சுகளெல்லாம் ஒரே தரமாக இருக்கும். பள்ளி மாணவர்களுக்கான அமெரிக்க ‘பர்ஸ்ட்’ ரோபோப் பந்தயம் இதை விதியாகவே எழுதிவிட்டது: சேமிப்பு 120 பவுண்டு வரையில் இருக்கலாம், வேலை செய்யும் அழுத்தம் 60 பவுண்டுக்கு மேற்படக் கூடாது. நம் மாணவர்கள் இதைத் தாமே கண்டறிய வேண்டியிருக்கிறது.

இவ்வாறு ஒழுங்கு செய்தபிறகு, புட்டியின் 2 லிட்டரில் 2 பார் இறக்கத்தைத்தான் செலவழிக்கலாம்; அதாவது 4 லிட்டர் சாதாரணக் காற்று. எஞ்சிய 10 லிட்டர் முடங்கிக் கிடக்கும் முதல். இந்த 4 லிட்டரில், 32 மில்லிமீட்டர் விட்டமும் 200 மில்லிமீட்டர் ஓட்டமும் உடைய சிலிண்டர் ஒருமுறை முன்னே பாய்வதற்கு 0.8 லிட்டரும், திரும்பி வருவதற்கு ஏறக்குறைய 0.7 லிட்டரும் குடித்துவிடும். ஆக, போக்குவரத்து ஒன்றுக்கு 1.5 லிட்டர். இரண்டு வீச்சுகள் ஒழுங்காக நடக்கும். மூன்றாவது வீச்சுக்குப் பிறகு கை திரும்பும்போதே அழுத்தம் போதாமற் போய்விடும். மூன்று நிமிஷப் பந்தயத்தில் இரண்டே வீச்சோடு கை ஓய்ந்துவிடும் ரோபோவினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்த இடத்திலேதான் சிக்கனம் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறது. எறியும்போது பலம் வேண்டும். வெறுங்கை திரும்பும்போது பலம் எதற்கு? திரும்பும் பக்கத்துக்குத் தனியே இன்னொரு ரெகுலேட்டர் வைத்து அதை 1.5 பாருக்கு இறக்கிவிட்டால், திரும்பும் செலவு 0.7இலிருந்து 0.35 லிட்டராகப் பாதியாகிறது. மூன்றாவது வீச்சு தப்பிவிடுகிறது. திரும்பும் வேலையை ரப்பர் பட்டையிடமோ கையின் சொந்த எடையிடமோ ஒப்படைத்துவிட்டால் அந்தச் செலவே இல்லை. 4 லிட்டரில் ஐந்து வீச்சுகள் கிடைக்கும். புட்டி அதே புட்டி, சிலிண்டர் அதே சிலிண்டர், அழுத்தமும் அதே அழுத்தம். பெரிய புட்டி கட்டினால் வண்டியின் எடை ஏறும். கணக்குப் போட்டால் எடை ஏறாது.

குழாயையும் மறந்துவிடக் கூடாது. சாதாரணமாக உபயோகிக்கும் 6 மில்லிமீட்டர் பாலியூரிதேன் குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு அதன் உட்பக்கம் சுமார் 12.5 கன சென்டிமீட்டர். வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இந்தக் குழாய் ஒவ்வொரு வீச்சிலும் நிரம்பி, ஒவ்வொரு வீச்சின் பின்பும் வீணே காலியாகிறது. மேற்சொன்ன சிலிண்டரில் இது வீச்சுச் செலவின் நூற்றில் எட்டுப் பங்கு. வால்வைச் சிலிண்டரின் அருகிலேயே பொருத்திக் குழாயை ஒரு சாணாக்கிவிட்டால் அந்தப் பங்கில் பெரும்பகுதி மீதியாகும். கை அசைவதில் தாமதமும் குறையும்.

தாமதம் என்று சொல்லும்போது, வேகத்தைப் பற்றி நிலவும் ஒரு தப்பான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். சிலிண்டர் பெரிதானால் விசை பெரிதாகும், விசை பெரிதானால் வேகமும் பெரிதாகும் என்று எண்ணி, 32க்குப் பதில் 63 மில்லிமீட்டர் சிலிண்டரை மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டம் இரட்டித்தால் கன அளவு நான்கு மடங்காகிறது. அதை நிரப்ப வேண்டிய காற்றோ அதே நான்கு மில்லிமீட்டர்த் துவாரத்தின் வழியேதான் வந்தாக வேண்டும். அத்துவாரத்தின் வழியே காற்று எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதற்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது: மேற்புறத்து அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே மறுபுற அழுத்தம் இறங்கிவிட்டால், நெருக்கமான இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை அடைந்துவிடும், அதன்பின் மறுபுறத்தை எவ்வளவு காலியாக்கினாலும் ஓட்டம் அதிகமாகாது. ஆகவே பெரிய சிலிண்டர், பலவான் போல் மெல்ல நகரும். பந்து கைக்கு எட்டிய தூரத்தில் விழும்.

வேகத்தை உண்மையில் கட்டிப்போடுவது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக் காற்றே. பிஸ்டன் முன்னே பாயும்போது அதன் முன்புறத்தில் நிற்கும் காற்று வெளியேறியாக வேண்டும். அது நீண்ட குழாய் வழியே வால்வுக்கு வந்து, வால்வின் சிறு துளையில் நுழைந்து வெளியேறுவதற்குள் பிஸ்டனுக்குத் தடையாக நின்றுவிடுகிறது. சிலிண்டரின் வாயிலேயே ஒரு விரைவு வெளியேற்று வால்வைத் திருகிவிட்டால், அந்தக் காற்று அங்கேயே வெளியே கொட்டிவிடும். கை எகிறிப் பாயும். இதைவிடவும் பயன் தரும் உபாயம் ஒன்று உண்டு. கையை ஒரு தாழ்ப்பாளால் பிடித்துவைத்துக்கொண்டு, முதலில் சிலிண்டரை முழு அழுத்தத்துக்கு நிரப்பிவிட்டு, அப்புறம் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டால், காற்று வந்து சேரும் தாமதம் வீச்சில் கலவாமல், ஆரம்பத்திலிருந்தே முழு விசையும் கிட்டுகிறது. வீச்சுக்கு வீச்சு வித்தியாசமும் இதனால் வெகுவாகக் குறைகிறது.

காற்றை நிரப்பும்போது மாணவர்களைக் கலங்கவைக்கும் ஒரு விஷயத்தைக் கிட்ட நின்று பார்க்கலாம். கம்ப்ரஸரிலிருந்து புட்டிக்கு அவசரமாகக் காற்றை ஏற்றி, முள் சரியாக 6இல் நிற்பதைப் பார்த்து மூடிவிட்டு, முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். களத்துக்கு அழைக்கும்போது முள் 5.4இல் நிற்கிறது. எங்கோ கசிகிறதென்று இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்கிறார்கள். ஒரு குமிழும் எழுவதில்லை. கசிவு இல்லாவிடில் காற்று எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. வேகமாக அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடான காற்று அதிக அழுத்தம் காட்டும். உள்ளே 57 டிகிரி சூட்டில் 6 பார் காட்டிய காற்று, 30 டிகிரிக்கு ஆறும்போது 5.4 பார்தான் காட்டும். ஆகவே நிதானமாக நிரப்பி, ஆறவிட்டு, குறைந்ததைச் சேர்த்து நிரப்புவதே முறை. இதற்கு மாறாக, காற்று விரைவாக விரியும்போது குளிரும். அதிலுள்ள ஈரம் நீராகும். ஐப்பசி மழைக்காலத்தில் கம்ப்ரஸர்த் தொட்டியின் அடித்திருகைத் திறந்தால் கொட்டும் துருநீர், வால்வுக்குள் போய்ச் சேராதபடி வடிகட்டியைக் கவனித்து வைத்திருப்பது அவசியம்.

உண்மையான கசிவு பெரும்பாலும் குழாயை வெட்டிய இடத்தில் உண்டாகிறது. கத்திரிக்கோலால் நசுக்கி வெட்டிய குழாயின் நுனி நீள்வட்டமாகிவிடும். சாய்த்து வெட்டினால் ஒருபக்கம் இணைப்பின் ரப்பர் வளையத்தை எட்டாமலே நின்றுவிடும். கூரிய பிளேடால் நேர்குறுக்காக ஒரே வெட்டில் வெட்டி, இணைப்புக்குள் இறுதிவரை அழுத்திச் செருகினால், அந்தக் கசிவு ஆயுளுக்கும் வராது. டெஃப்ளான் டேப்பைத் திருகின் முதல் இழை வரையில் சுற்றுகிறவர்கள், அதன் நார் பிய்ந்து வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளுவதைப் பந்தயத்தன்று காண்கிறார்கள்.

இந்த உபகரணங்களுக்காக அயல் நாட்டைப் பார்த்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது. கோயம்புத்தூரில் 1960இல் தோன்றிய எல்ஜி நிறுவனம் கம்ப்ரஸர்களைச் செய்கிறது. அதே ஊரில் 1977இல் தோன்றிய ஜனாடிக்ஸ் நிறுவனம் சிலிண்டர்களையும் வால்வுகளையும் செய்கிறது. தமிழ்நாட்டு மாணவனுக்கு இது சாமானியமான பாக்கியம் அன்று.

ஆனால் கொள்கலம் விஷயத்தில் மட்டும் நம் மாணவர்கள் நெடுநாளாகக் குளிர்பானப் புட்டியையே நம்பிவருகிறார்கள். அது மலிவு, எடையில்லாதது, ரோபோகான் விதிகளும் பழுதுபடாத புட்டியைத் தக்கபடி பொருத்தி உபயோகிக்க இடம் கொடுத்துவந்திருக்கின்றன. என்றாலும் அதனுள் அடங்கியிருப்பது எவ்வளவு சக்தி என்பதை அறிந்தே அதைக் கையாள வேண்டும். 6 பாரில் நிரப்பிய 2 லிட்டர்ப் புட்டி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு விரியும்போது தரக்கூடிய சக்தி ஏறத்தாழ 1,500 ஜூல். சுமார் 55 மீட்டர் உயரமுள்ள கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் உச்சிக்கு, இரண்டே முக்கால் கிலோ கல் ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கவல்ல சக்தி அது. புட்டி வெடித்தால் இவ்வளவும் ஒரு கணத்தில் வெளிப்படும். அந்தப் பிளாஸ்டிக் 70, 80 டிகிரி சூட்டில் இளகத் தொடங்குவது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் நிரப்பிய புட்டியை வைத்துவிட்டுப் போவது மகா அபாயம். கீறல் விழுந்ததை, மடிப்பு வெளுத்ததை, சென்ற வருஷத்துப் புட்டியை, தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். முடிந்தவர்கள் காற்றுக்கென்றே செய்த அலுமினியக் கொள்கலத்தை வாங்கிவிடுவது உசிதம். எடை சற்று ஏறினாலும் அதற்காக நான் வருந்தமாட்டேன்.

இதைவிட நுட்பமான அபாயம் வால்வைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ரோபோவில் சிவப்பு நிறத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று வைக்கிறார்கள். அதை அழுத்தினால் மின்சாரம் அறுந்துபோகும், எல்லாம் நின்றுவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். மோட்டார் நிற்கும் என்பது மெய். சோலினாய்டு என்னும் மின்காந்தச் சுருள் ஒன்றும் ஸ்பிரிங்கும் உள்ள வால்வு அப்படி நிற்பதில்லை. மின்சாரம் போன மறுகணமே ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்குத் தள்ளும், புட்டியில் காற்று இருப்பதால் சிலிண்டர் முழுப் பலத்தோடு பாயும். அவசரமாகப் பொத்தானை அழுத்திவிட்டுச் சிக்கிய பந்தை எடுக்கக் கையை நீட்டுகிறவன் மீதே அது பாயக்கூடும். இரட்டைச் சோலினாய்டு வால்வு, மின்சாரம் போனாலும் இருந்த நிலையிலேயே இருக்கும். ஆனால் அதன் பின்னேயும் அழுத்தம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். ஆதலால் புட்டிக்கும் மற்ற வால்வுகளுக்கும் நடுவே, கையால் தள்ளித் திறக்கும் மூவழி வால்வு ஒன்றை எளிதில் எட்டும் இடத்தில் பொருத்தி, பொத்தானை அழுத்தியதும் அதையும் தள்ளிச் சிலிண்டர்ப் பக்கத்துக் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்ட பிறகே ரோபோவைத் தொடுவது என்று பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். காற்று போனதும், அதுவரை உயர்த்திப் பிடித்திருந்த கை தன் எடையாலேயே கீழே இறங்கும். அந்தக் கைக்குத் தாழ்ப்பாள் போடுவதையும் வரைபடம் போடும் நாளிலேயே யோசித்துவைத்திருக்க வேண்டும்.